தாண்டிப்போன ஆறு பேர்

இணையத்தில் பேக் பட்டனை அழுத்தினால் விட்ட இடத்துக்கே வந்து நிற்க வேண்டும். இதைச் செய்து கொடுப்பதுதான் என் வேலை என்று சொன்னால் எங்கள் ஊரில் யாரும் நம்புவதில்லை. "இதுக்கா காலேஜி வரைக்கும் படிச்ச?" என்று என் அண்ணனே கேட்டிருக்கிறான். கம்பெனி சென்னையில் இருக்கிறது. நான் இருப்பது உத்திரமேரூருக்கும் பெருநகருக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே தள்ளி. கொரோனா வந்தபோது வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார்கள். அது போன பிறகும் என்னைத் திரும்பக் கூப்பிடவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை.

அப்போது எனக்குக் கொடுத்திருந்தது ஒரு சேலைக் கடையின் இணையதளம். அதில் கீழே இறங்க இறங்கச் சேலை வந்துகொண்டே இருக்கும். ஒரு பெண் நானூறு சேலையைத் தாண்டி இறங்கி, கடுகு நிறத்தில் ஒன்றைத் தொட்டுத் திறந்து பார்க்கிறாள். பார்டர் பிடிக்கவில்லை. பேக் பட்டனை அழுத்துகிறாள். வரிசையில் அந்தக் கடுகு நிறச் சேலை இருந்த இடத்துக்கே அவள் திரும்ப வர வேண்டும். பக்கத்தின் உச்சியில் கொண்டுபோய்ப் போட்டால் வேறு கடைக்குப் போய்விடுவாள். "பொம்பளைங்களுக்குப் பொறுமை அவ்வளவுதான்" என்பார் எங்கள் டீம் லீடர். அவர் வீட்டுப் பெண்களைப் பற்றி எனக்குத் தெரியாது. நான் பார்த்த பெண்களுக்குப் பொறுமை இருந்ததுதான் பிரச்சினையாக இருந்திருக்கிறது.

முதலில் நான் எழுதியது எளிமையான வழி. மேலிருந்து எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறாள் என்று ஓர் எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது. திரும்பி வந்ததும் அதே தூரத்துக்கு இறக்கிவிடுவது. டீம் லீடர் அதைத் திருப்பி அனுப்பினார். நடுவில் மேலே இருக்கும் பத்துச் சேலை விற்றுப்போய் எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். குழாயடியில் நம் குடம் முன்னாலிருந்து இருபதாவது என்று எண்ணி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம். அதற்குள் முன்னால் இருந்த ஆறு பேர் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். திரும்பி வந்து இருபதாவது இடத்தில் நின்றால் அது வேறு யாருடைய குடமோ. நம் குடம் முன்னால் போயிருக்கும். அவர் சொன்னது இதைத்தான். குழாயடியிலேயே வளர்ந்தவள் நான், எனக்கு இன்னொருவர் சொல்ல வேண்டியிருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு மூன்று வாரம் உட்கார்ந்து மாற்றி எழுதினேன். தூரத்தை விட்டுவிட்டு, எந்தச் சேலை என்பதையே நினைவில் வைக்கும்படி செய்தேன். அந்தச் சேலையே இல்லையென்றால் அதற்கு அடுத்த சேலையில் போய் நிற்கும். இன்றுவரை அது பிசகாமல் ஓடுகிறது.

அந்த வேலை முடிந்த பங்குனியில்தான் அண்ணன் காணாமல் போனான்.

அவன் நெல் அறுக்கும் மிஷின் ஓட்டுகிறவன். பொங்கல் கழிந்து எங்கள் பக்கம் அறுப்பு முடிந்ததும் மிஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு ஆந்திராவுக்குப் போவார்கள். எங்கே கதிர் முற்றுகிறதோ அங்கே போய்க்கொண்டே இருப்பார்கள். இரண்டு மாதம், சில வருடம் மூன்று மாதம். தினமும் அண்ணிக்கு ஒரு போன் வரும். அந்த வருடம் ஒரு நாள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மிஷின்காரருக்குப் போட்டால், "காய்ச்சல்னு சொல்லிக்கினு பஸ் ஏறிட்டான்மா, நேத்தே வூடு வந்து சேந்திருக்கணுமே" என்றார். எந்த ஊரில் பஸ் ஏறினான் என்று கேட்டதற்கு இரண்டு ஊர் பெயர் சொன்னார். இரண்டும் ஒரே திசையில் இல்லை.

அம்மா அப்பா இரண்டு பேரும் முன்பே போய்விட்டார்கள். அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் அண்ணியும் நானும்தான். அண்ணிக்கு எழுதப் படிக்கத் தெரியும், ஆனால் தேவைப்பட்டாலொழிய இரண்டையும் செய்ய மாட்டாள். நாற்று நடப் போவாள், நூறு நாள் வேலைக்குப் போவாள். என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். எனக்கு முப்பது வயதாகப் போகிறது.

ஸ்டேஷனில் புகார் கொடுத்தோம். இரண்டு முறை ஆந்திராவுக்குப் போய் ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு என்று போட்டோவைக் காட்டிக்கொண்டு அலைந்தோம். இரண்டாவது முறை ஓர் ஆஸ்பத்திரி வாசலில் டீ விற்றவர்தான் அந்த இணையப் பக்கத்தைப் பற்றிச் சொன்னார். யாரும் வந்து கேட்காத பிணங்களை அடக்கம் செய்கிற தன்னார்வலர்கள் சிலர் அதை நடத்துகிறார்கள். மூன்று நான்கு மாநிலங்களில் கிடைக்கும் உடல்களின் முகத்தைப் படம் எடுத்துப் போடுவார்கள். சொந்தக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டால் எடுத்துவிடுவார்கள்.

அந்தப் பக்கத்தை முதல் தடவை திறந்தது என் மடிக்கணினியில், ஒரு மத்தியான நேரத்தில். அண்ணி எனக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். சேலைக் கடை மாதிரியேதான் இருந்தது. வரிசைக்கு மூன்று படம், கீழே இறங்க இறங்க வந்துகொண்டே இருக்கும். சேலை இருக்க வேண்டிய இடத்தில் முகம். அதன் கீழே ஊரும் ஏறத்தாழ வயதும். அவ்வளவுதான் வித்தியாசம். இந்த அமைப்பை நான் மூன்று வாரம் பார்த்துக்கொண்டிருந்தேன், கண்ணை எங்கே வைப்பது, விரலை எப்போது நிறுத்துவது என்று எல்லாம் எனக்குப் பழகியிருந்தது. பழகிய வேகத்திலேயே செத்தவர்களைத் தள்ளிக்கொண்டு போனேன். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மெதுவா போ பாப்பா. மனுசங்க."

படம் சின்னது. செத்த முகம் நமக்குத் தெரிந்த முகமாக இருப்பதில்லை. வீங்கியிருக்கும், நிறம் மாறியிருக்கும், தாடி வளர்ந்திருக்கும். அண்ணனுக்கு அடையாளம் என்றால் விரல்தான். இடது கை மோதிர விரலின் நுனி மிஷின் பெல்ட்டில் மாட்டிப் போய்விட்டது. அங்க அடையாளம் எல்லாம் படத்தை அழுத்தித் திறந்தால்தான் தெரியும். ஆகவே நாற்பது வயதை ஒட்டிய ஒவ்வொரு ஆணையும் திறக்க வேண்டும், படிக்க வேண்டும், பேக் பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தினால் அந்தப் பக்கம் உச்சியில் கொண்டுபோய் விட்டது. மறுபடி முதல் முகத்திலிருந்து அத்தனை பேரையும் தாண்டிக் கீழே வர வேண்டும். பாவம், அதை நடத்துகிறவர்கள் குழி வெட்டுவார்களா, இதைப் பார்ப்பார்களா? ஆனால் அன்றைக்கு எனக்கு இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

அண்ணிக்கு வேறு கவலை. நான் பேக் பட்டனை அழுத்துவதே அவளுக்குப் பிடிக்கவில்லை.

"அது இன்னா, பின்னாலயே போற?"

"வந்த வழியே திரும்பறேன் அண்ணி. அப்படித்தான் போவணும்."

"சாவு வூட்லேர்ந்து வரும்போது திரும்பிப் பாத்துக்கினா வருவ? போயிட்டு வரேன்னு சொல்லிக்கினா வருவ?"

எங்கள் பக்கத்தில் அது உண்டு. சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது. சுடுகாட்டில் கொள்ளி வைத்தவன் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். இது வெறும் பக்கம், இங்கே சாவும் இல்லை வீடும் இல்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை. அவளுடைய முறை இதுதான்: ஒருவரைத் திறந்து பார்த்துவிட்டால் பின்னால் போகக் கூடாது. அப்படியே மூடிவிட வேண்டும். எழுந்துபோய்க் குழாயில் கைகால் கழுவிக்கொண்டு வருவாள். பிறகு புதிதாகத் திறந்து, முதலிலிருந்து. ஒரு மத்தியானத்தில் நான்கு பேருக்கு மேல் பார்க்க முடியாது.

இப்படி ஒரு வாரம் போனது. ஒவ்வொரு நாளும் உச்சியில் இருந்தவர்களைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் அண்ணிக்கு அவர்கள் பழக்கமாகிவிட்டார்கள். பச்சைத் துண்டுக்காரர், கம்மல் போட்ட அம்மா, பனியன் போட்ட காலேஜ் பையன் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் வைத்துக் கூப்பிட்டாள். ஒரு நாள் கம்மல் போட்ட அம்மாவைக் காணவில்லை. அண்ணி கையைத் தட்டியே விட்டாள். "அவுங்க வூட்டு ஆளுங்க வந்து இட்டுக்கினு பூட்டாங்க பாப்பா!" ஏதோ பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை அமைந்த மாதிரி அப்படிச் சந்தோஷப்பட்டாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. நாம் தேடுகிற ஆள் கிடைக்கவில்லை, இதில் கம்மல் அம்மாவுக்கு என்ன கொண்டாட்டம் என்று முணுமுணுத்தேன்.

எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. ஆபீஸ் வேலையில் சேலைப் பக்கத்தைத் திறந்தால் சேலையின் நடுவில் முகம் தெரிந்தது. உத்திரமேரூர் போகும் பஸ்ஸில் யாராவது வாயைத் திறந்துகொண்டு தலையைச் சாய்த்துத் தூங்கினால் நான் வயதைக் கணக்குப் போட ஆரம்பித்தேன். ஒரு தடவை முன் சீட்டில் தூங்கின ஒருவரின் இடது கையை எட்டிப் பார்த்தே விட்டேன். விழித்துக்கொண்டு, "இன்னாம்மா?" என்றார். டிக்கெட் விழுந்துவிட்டது என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து என் மடிக்கணினியில் மட்டும் ஓடுகிற மாதிரி ஒரு சின்ன நிரல் எழுதினேன். பத்து வரி. அந்தப் பக்கத்தில் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறோம் என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளும். மறுபடி வந்தால், பேக் அழுத்தி வந்தாலும் சரி, புதிதாகத் திறந்தாலும் சரி, அதே தூரத்துக்குக் குதிக்கும். சேலைக் கடைக்கு முதலில் எழுதின அதே வழி. திருப்பி அனுப்பப்பட்ட வழி. எழுதும்போது அது நினைவுக்கு வந்ததா என்று என்னை நானே ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். வந்தது. நம் வீட்டுக்குத்தானே, இது போதும் என்று நினைத்தேன். சீக்கிரம் முடிய வேண்டும் என்று நினைத்தேன்.

அண்ணிக்கு ஓட்டிக் காட்டினேன். பக்கம் திறந்ததும் உச்சி ஒரு நொடி தெரியும், அடுத்த நொடி நாங்கள் விட்ட இடம். இனிமேல் மேலே இருப்பவர்களைத் திரும்பப் பார்க்கவே வேண்டாம் என்றேன். அவளுக்கு அதில் மகிழ்ச்சி ஒன்றும் இல்லை. ஆனால் நான் படித்தவள், நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று சும்மா இருந்துவிட்டாள். அந்தச் சும்மா இருத்தலை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் வேகமாகப் போனது. ஒரு நாளில் ஐம்பது, அறுபது பேர். வெள்ளிக்கிழமை ஒரு பெரியவரோடு நிறுத்தினோம்; நரைத்த மீசை, கழுத்தில் சிவப்புக் கயிறு. சனி ஞாயிறு மின்சாரம் சரியாக இல்லை. திங்கள் மத்தியானம் திறந்தேன். உச்சி ஒரு நொடி தெரிந்து கீழே குதித்தது. அந்த ஒரு நொடிக்குள் அண்ணி பார்த்துவிட்டாள்.

"பாப்பா, பச்சத் துண்டுக்காரரு இல்ல. அவுருக்குப் பக்கத்துல இருந்தவுங்களும் இல்ல. நெறைய பேரு பூட்டாங்க."

"அண்ணி, மேல பாக்காத. கீழ பாரு."

"இல்ல பாப்பா, வெள்ளிக்கெழம வரைக்கும்..."

"சும்மா இரேன் அண்ணி! அவங்களைத் தேடியா உக்காந்திருக்கோம்?"

திரையில் மூக்குத்தி போட்ட ஒரு கிழவி முதலாவதாக நின்றாள். அவளிலிருந்து தொடர்ந்தேன். மேலே பேர் குறைந்தால் வரிசை முழுக்க மேலே ஏறும் என்பது இந்த உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த ஒன்றே ஒன்று அதுதான். அதைத்தான் அண்ணி என் காதருகே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவளை அதட்டினேன்.

சித்திரை பிறந்து நான்காம் நாள் பக்கத்தின் அடி வந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அண்ணன் இதில் இல்லை. அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரையும் பாத்துட்டியா?"

"எல்லாரையும் பாத்துட்டேன். அண்ணன் இதுல இல்ல."

"அப்ப உசுரோட கீறாரு."

"ஆமா அண்ணி. எங்கியோ இருக்கு."

இதைச் சொன்னது நான்தான். வேறு யாரும் இல்லை. அன்றைக்கு அவள் சேமியா பாயசம் வைத்தாள். மறுநாளிலிருந்து தலையில் பூ வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். புருஷன் போன இடம் தெரியவில்லை, இவளுக்குப் பூ ஒரு கேடா என்று ஊரில் பேசினார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "எங்க பாப்பா கம்ப்யூட்டர்ல மொத்தமும் பாத்துடுச்சி" என்று பதில் சொல்வாளாம். குழாயடியில் ஒருத்தி என்னிடம் வந்து கேட்டாள், நானும் ஆமாம் என்றேன்.

ஆவணி மாதம் ஒரு மத்தியானம், நூறு நாள் வேலைக்குப் போனவள் பாதியில் வந்து நின்றாள். ஏரிக்கரையிலிருந்து நேராக நடந்து வந்திருக்கிறாள், காலெல்லாம் சேறு, செருப்பு இல்லை. நான் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவளுடைய போன், திரையில் கீறல் விழுந்த பழைய போன்.

"பாப்பா. வெரலு."

அவள் அந்தப் பக்கத்தைப் பார்ப்பதை நிறுத்தவே இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கரையில் எல்லோரும் சாப்பிட்டுச் சாயும் நேரத்தில் மரத்தடியில் தனியாக உட்கார்ந்து, தினமும், முதலிலிருந்து, அவளுடைய முறையில் பார்த்திருக்கிறாள். நெட் நின்றுபோகும். மூடிவிடுவாள். கைகால் கழுவ ஏரித் தண்ணீர் இருந்தது. மறுநாள் மறுபடி முதலிலிருந்து. எதற்கு இன்னும் பார்த்தாய் என்று பிறகு கேட்டேன். அவரைத் தேடவில்லை, அவர்கள் எல்லாம் வீடு போய்ச் சேர்ந்தார்களா என்று பார்த்தேன் என்றாள். அது முழு உண்மையா என்று நான் துருவவில்லை.

மீட்டிங்கை மூடாமலே காதிலிருந்ததைக் கழற்றி எறிந்துவிட்டு மடிக்கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். என் நிரல் முதல் வேலையாகக் கடைசிக்குக் குதித்தது. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மேலிருந்து இறங்கி வந்தேன். வந்தேன். நரைத்த மீசை, சிவப்புக் கயிறு. அவரை யாரும் கேட்டு வரவில்லை, இன்னும் அங்கேயே இருந்தார். கொஞ்சம் கீழே மூக்குத்திக் கிழவி. அவளும் இருந்தாள். வெள்ளிக்கிழமை நிறுத்தினது அவரோடு, திங்கட்கிழமை தொடங்கினது இவளோடு. இரண்டு பேருக்கும் நடுவில் ஆறு பேர். அந்த ஆறு பேரையும் நான் அன்றுவரை பார்த்ததே இல்லை. ஆறு பேரில் நான்காவது என் அண்ணன்.

திறந்தேன். நீலக் கட்டம் போட்ட சட்டை. இடது மோதிர விரல் நுனி இல்லை. பஸ் ஸ்டாண்டு வாசலில் கிடந்த உடல். தாடி இருந்தது. கண் முழுக்க மூடவில்லை.

அதில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். தெலுங்கு கலந்த தமிழில் ஒருவர் பேசினார், மிகவும் மெதுவாக, மரியாதையாகப் பேசினார். ஆஸ்பத்திரிக் குளிர் அறையில் வழக்கத்தைவிட அதிக நாள் வைத்திருந்தோம் அம்மா, யாராவது வருவார்கள் என்று பார்த்தோம், அப்புறம் இடம் இல்லை, நாங்களே மாலை போட்டு அடக்கம் செய்தோம் என்றார். என்றைக்கு என்று கேட்டேன். சொன்னார். நாங்கள் பாயசம் குடித்த நாளிலிருந்து பதினோரு நாள் கழித்து.

பதினோரு நாள். எல்லோரையும் பார்த்துவிட்டேன் என்று நான் சொன்னபோது அவன் இன்னும் மண்ணுக்குள் போகவில்லை. ஒரு ராத்திரி பஸ் தூரத்தில், குளிரில், யாராவது வருவார்கள் என்று கிடந்தான். சேலைக்கு மூன்று வாரம் உட்கார்ந்தவள் அண்ணனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட முழுதாக உட்காரவில்லை. சேலை தொலையாமல் பார்த்துக்கொண்டேன்.

அங்கே போனோம். வேலி ஓரத்தில் வரிசையாக மண் மேடுகள், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு கல், கல்லில் ஓர் எண். போனில் பேசினவர் எண்ணிக்கொண்டே முன்னால் நடந்தார். நான் கல்லில் இருந்த எண்ணை இரண்டு தடவை, மூன்று தடவை அவரிடம் சரிபார்த்தேன். நடுவில் ஏதாவது எடுத்தீர்களா, இடம் மாற்றினீர்களா என்று கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். அண்ணி கால்மாடு எது தலைமாடு எது என்று மட்டும் கேட்டாள். குங்குமப் பொட்டலம் சைஸுக்கு மண் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். கிளம்பும்போது போய் வருகிறேன் என்று சொல்லவில்லை. திரும்பிப் பார்க்காமல் கேட் வரைக்கும் நடந்தாள். நான் திரும்பிப் பார்த்தேன். நிறைய தடவை பார்த்தேன்.

ஊரில் கருமாதி நடந்தது. அந்த மண்ணை வைத்துத்தான் செய்தார்கள். அண்ணிக்குத் தாலி இறக்கினார்கள். நான்கு மாதம் பூ வைத்துக்கொண்டு திரிந்தாளே என்று யாரோ பின்னால் சொன்னது அவளுக்கும் கேட்டது, எனக்கும் கேட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

உறவுக்காரர்கள் வந்து அடையாளம் சொல்லிவிட்டதால் அண்ணனின் படத்தை அந்தப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் அன்று மத்தியானம் நான் திறந்த டேப் அப்படியே என் மடிக்கணினியில் இருந்தது. அங்கே இருந்து போனது இங்கே இன்னும் இருந்தது. பேக் பட்டனை அழுத்தாத வரைக்கும், மூடாத வரைக்கும் இருக்கும். அழுத்திவிட்டால் திரும்ப முன்னால் போனாலும் வராது, இல்லாத பக்கம் என்று சொல்லிவிடும். மடிக்கணினியை நான் அணைக்கவே இல்லை. மூடி வைப்பேன், திறப்பேன். அப்டேட்டுக்காக அணைத்துப் போடச் சொல்லித் தினமும் கேட்கும், நாளைக்கு என்று தள்ளுவேன். ஆபீஸ் வேலை செய்யும்போது அந்த டேப் மேலே ஓரத்தில் இருக்கும். அவன் மூடாத கண்ணோடு அங்கே உட்கார்ந்துகொண்டு நான் சேலை அடுக்குவதைப் பார்க்கிறான் என்று எனக்குத் தோன்றும். பயமாகவே இருக்கும். இருந்தாலும் மூடவில்லை.

அந்த நிரலையும் மாற்றி எழுதினேன். இப்போது அது தூரத்தை நினைவில் வைப்பதில்லை, ஆளை வைக்கிறது. ஆள் இல்லையென்றால் அவருக்கு அடுத்தவரில் போய் நிற்கும். யாருக்காக எழுதினேன் என்று தெரியவில்லை. எழுதாமல் இருக்க முடியவில்லை.

கார்த்திகையில் ஒரு மழை மத்தியானம். நடவுக்குப் போக முடியாமல் அண்ணி வீட்டில் இருந்தாள். என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"பாப்பா, அந்தப் படம் என் போன்ல இல்ல. எடுத்துட்டாங்க போல. உன் பொட்டியில கீதா?"

பொய் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. பக்கத்தில் உட்காரச் சொல்லி, டேப்பைத் திறந்து காட்டினேன். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். திரையைத் தொடாமல், சட்டை இருந்த இடத்துக்கு நேராக விரலைக் காற்றில் வைத்தாள். "இந்தச் சட்ட நான் எடுத்துக் குடுத்தது" என்றாள்.

"அண்ணி, நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"சித்திரையில பாத்து முடிச்சிட்டேன்னு சொன்னேனே. பாயசம் வச்சியே. அன்னிக்கே அண்ணன் இதுல இருந்துச்சி. நான் தாண்டிட்டேன். நான் எழுதுன புரோகிராம் தப்பு. பச்சைத் துண்டுக்காரர் இல்லன்னு நீ சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். அன்னிக்குப் பாத்திருந்தா முழுசா கொண்டுவந்திருக்கலாம். பதினோரு நாள் அங்க இருந்துச்சி."

மழைச் சத்தம் ஓட்டின் மேல் பெரிதாகக் கேட்டது. அவள் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். திரையின் மூலையில் இருந்த அம்புக்குறியைக் காட்டினாள்.

"இத்த அமுத்துனா எங்க போவும்?"

"அந்த வரிசைக்கு."

"அவரு இருந்த எடத்துக்கா?"

"அண்ணன் இடம்னு இப்ப ஒண்ணு இல்ல அண்ணி. எடுத்துட்டாங்க. அவருக்கு அடுத்து யாரு இருக்காங்களோ அவங்க மேல போய் நிக்கும். அமுத்துனா இந்தப் படம் திரும்ப வராது."

அவள் தலையை ஆட்டினாள். இத்தனை மாதமும் அந்த அம்புக்குறியை ஒரு தடவைகூடத் தொடாதவள். சேறு அடைத்த நகத்தோடு விரலை நீட்டி, சரியாக அதன் மேல் வைத்து, தானே அழுத்தினாள்.

அண்ணன் போய்விட்டான். வரிசை வந்தது. நான் எழுதின நிரல் இந்தத் தடவை பிசகவில்லை. அவன் இருந்த இடத்தில் ஒரு பெண் நின்றாள். ஐம்பது வயது இருக்கும், நெற்றியில் பச்சை குத்தியிருந்தது, ஜாக்கெட்டில் ஊசி குத்தியிருந்தது. அன்றைக்கு நான் தாண்டின ஆறு பேரில் ஐந்தாவது. இத்தனை மாதமாகியும் அவளைத் தேடி யாரும் வரவில்லை. அல்லது வந்தவர்களும் என்னைப் போலத் தாண்டிப் போயிருப்பார்கள்.

அண்ணி மடிக்கணினியை என் மடிக்கு நகர்த்தி வைத்தாள். எழுந்துபோய்க் கைகால் கழுவவில்லை, அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

"இவுங்களத் தொற" என்றாள். "இவுங்களயாச்சும் தாண்டாத பாப்பா."